மூன்று வருடமாக ஓடும் ஒரு கிளீன் ஸ்கிரிப்ட்

எங்கள் புராஜெக்டின் பில்ட் ஃபோல்டரை, அதாவது கோடிலிருந்து உருவாகும் ஃபைல்கள் சேரும் இடத்தை, துடைக்கும் ஸ்கிரிப்டை நான் மாற்றி எழுதி மூன்று வருடம் ஆகிறது. ஐந்து பேர் தினமும் ஓட்டுகிறோம், கோடைத் தானாகவே பில்ட் செய்து சோதிக்கும் சிஐ சர்வரும் ஓட்டுகிறது. அதில் எது உதவியது, எது சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது என்று இப்போது ஓரளவு தைரியமாகச் சொல்லலாம்.

பழைய ஸ்கிரிப்ட் ஒரே வரி. 'அவுட்' வேரியபிளில் இருக்கும் பாதை, அதன் பின்னால் ஒரு சாய்கோடு, 'உள்ளே இருப்பதெல்லாம்' என்று பொருள்படும் ஒரு நட்சத்திரம், முன்னால் கேள்வி கேட்காமல் அழிக்கும் ஆர்எம் -ஆர்எஃப் கமாண்ட். கூட வேலை பார்ப்பவர் ஒருவர் எதையோ சோதித்துப் பார்க்க அந்த வேரியபிளில் வெறும் புள்ளியை வைத்தார். புள்ளி என்றால் இப்போது நிற்கும் ஃபோல்டர். மறுநாள் அதை மறந்துவிட்டு கிளீன் கொடுத்தார். கமாண்டுகளை இயக்கும் ஷெல்லில் நட்சத்திரம் புள்ளியில் தொடங்கும் பெயர்களைத் தொடாது என்பதால், கோடின் வரலாறு இருக்கும் .கிட் ஃபோல்டர் பிழைத்தது. அதில் கமிட் செய்து பதியாத இரண்டு நாள் வேலை போனது போனதுதான்.

நான் முதலில் பார்த்தது காலி வேரியபிளை. இந்த விஷயத்தில் பிரபலமானது அதுதான். 2015-இல் ஸ்டீம் என்ற கேம் செயலியின் லினக்ஸ் ஸ்கிரிப்ட் இப்படித்தான் ஆட்களின் ஃபைல்களை அழித்தது. பாதை காலியானதும் மிஞ்சியது சாய்கோடும் நட்சத்திரமும். அந்த வரிக்கு மேலேயே 'ஸ்கேரி!' என்று கமெண்ட் வேறு இருந்தது. ஆர்எம் கமாண்ட் ரூட்டை, அதாவது எல்லா ஃபோல்டருக்கும் மேலே தனிச் சாய்கோடாக இருப்பதை, அழிக்க மறுக்குமே என்று கேட்கலாம். லினக்ஸில் வழக்கமாக இருக்கும் குனூவின் ஆர்எம் 2006 முதல் மறுக்கிறது, ஆனால் தனிச் சாய்கோட்டை மட்டும்தான். நட்சத்திரம் சேர்ந்தால் ஷெல் அதை முன்கூட்டியே விரித்து, ரூட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு ஃபோல்டரின் பெயராகக் கொடுத்துவிடும். ஆர்எம்முக்கு ரூட் என்ற பேச்சே கண்ணில் படாது.

சரி, ஸ்கிரிப்டில் 'செட் -யு' என்ற ஷெல் அமைப்பைப் போட்டேன். அதுவும் அரைகுறை. வரையறுக்காத வேரியபிளைத்தான் பிடிக்கும். வரையறுத்து உள்ளே ஒன்றும் இல்லாமல் விட்டால் கண்டுகொள்ளாது, சிஐயில் நடப்பதோ பெரும்பாலும் இரண்டாவது வகை. வேரியபிள் பெயருக்குப் பின் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேர்த்து எழுதும் வடிவம் இரண்டையுமே பிடித்து, ஸ்கிரிப்டை அங்கேயே நிறுத்தும். ஷெல் ஸ்கிரிப்டில் தவறு தேடும் ஷெல்செக் கருவியும் எஸ்சி2115 என்ற எச்சரிக்கையில் இதைத்தான் எழுதச் சொல்கிறது. மேக் என்ற பில்ட் கருவி படிக்கும் மேக்ஃபைலில் கதை வேறு. அங்கே வேரியபிளை மேக்கே விரித்துவிட்டுத்தான் ஷெல்லிடம் கொடுக்கிறது, அதனால் இவை எதுவும் காப்பாற்றாது. அழிக்கும் வேலையை மேக்ஃபைலிலிருந்து எடுத்துத் தனி ஸ்கிரிப்டில் வைத்தேன்.

இத்தனையும் செய்த பிறகுதான் உறைத்தது: எங்கள் ஆளின் வேரியபிள் காலியாகவே இல்லை. அதில் ஒழுங்கான, செல்லுபடியாகும், தப்பான பாதை இருந்தது.

இந்த மூன்று வருடத்தில் உண்மையில் காப்பாற்றியது மார்க்கர் ஃபைல்தான். பில்ட் தன் ஃபோல்டரை உருவாக்கும்போது உள்ளே ஒரு குட்டி ஃபைலை வைக்கும். அது இல்லாத ஃபோல்டரை கிளீன் தொடாது. ரஸ்ட் மொழியின் பில்ட் கருவியான கார்கோவும் தன் டார்கெட் ஃபோல்டரில் கேச்டிர்.டேக் என்ற ஃபைலை வைக்கிறது, யோசனை எனக்கு அங்கிருந்துதான் வந்தது. அந்தப் பெயரையே நான் எடுத்துக்கொள்ளவில்லை. பைத்தான் சோதனைக் கருவியான பைடெஸ்ட்டும் தன் கேச்சில் (தற்காலிகச் சேமிப்பு ஃபோல்டரில்) அதே பெயரில் ஒன்றை வைக்கிறது, அடுத்தவர் கேச்சும் எங்கள் சோதனையில் பாஸாகிவிடும். எங்களுடைய ஃபைலுக்குள் புராஜெக்ட் பெயர் இருக்கும், கிளீன் அதையும் படித்துப் பார்க்கும்.

இதிலும் முதல் தடவை கோட்டை விட்டேன். ஃபோல்டர் ஏற்கெனவே இருந்தாலும் மார்க்கரை வைக்கும்படி எழுதியிருந்தேன். அப்படியானால் வேரியபிளில் புள்ளி இருந்து பில்ட் ஒரு முறை ஓடினாலே போதும், சோர்ஸ் ஃபோல்டருக்கே 'அழிக்கலாம்' என்று முத்திரை குத்தியாயிற்று. இப்போது ஃபோல்டரை உருவாக்கும் எம்கேடிர் கமாண்டை -பி இல்லாமல் கொடுக்கிறேன், அப்போது ஃபோல்டர் ஏற்கெனவே இருந்தால் அது பிழை காட்டும். ஃபோல்டர் புதிதாகப் பிறந்தால் மட்டும் மார்க்கர், ஏற்கெனவே இருந்து மார்க்கர் இல்லையென்றால் பில்டே நின்றுவிடும். இது வந்த பின் தப்பான பாதையில் ஸ்கிரிப்ட் நான்கு முறை நின்றிருக்கிறது. அதில் இரண்டு தடவை நான்.

நேராக அழிக்காமல் பக்கத்தில் ஒரு குப்பை ஃபோல்டருக்கு நகர்த்துவதும் நல்ல ஏற்பாடு. ஒரே டிஸ்க்குக்குள் என்றால் கண் இமைப்பதற்குள் முடியும். மாற்ற நேரத்தைப் பார்த்து, மூன்று நாள் கழித்து ஃபைண்ட் கமாண்ட் அதை அழிக்கும். ஆனால் நகர்த்தினால் ஃபோல்டரின் மாற்ற நேரம் பொதுவாகப் புதுப்பிக்கப்படாது. போன மாதத்து பில்டைக் குப்பையில் போட்ட அடுத்த நிமிடமே 'பழசு' என்று கணக்காகிக் காணாமல் போனது. நகர்த்தியதும் அந்த நேரத்தைப் புதுப்பிக்கும் டச் கமாண்ட் ஒன்று கொடுத்தால் சரியாகிவிடும்.

'நிச்சயமாக அழிக்கவா?' என்ற கேள்வியை ஒரு மாதத்தில் தூக்கிவிட்டேன். கண் படிப்பதற்குள் விரல் ஒய் அடித்துவிடுகிறது.

ஸ்கிரிப்டுக்கு வெளியே நடப்பதற்கு இது எதுவும் பொறுப்பாகாது. போன மாதம் ஏதோ பில்ட் சிக்கலில் எரிச்சலாகி, டெர்மினலில் நேராக, கிட்டில் சேர்க்காத ஃபைல்களை அழிக்கும் கிட் கிளீன் -எக்ஸ்டிஎஃப் அடித்தேன். -என் போட்டு முதலில் பட்டியலைப் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. எக்ஸ் என்றால், கிட் கண்டுகொள்ள வேண்டாம் என்று கிட்இக்னோரில் பட்டியலிட்டவையும் சேர்ந்து போகும். ரகசியச் சாவிகளை வைத்திருந்த என் .என்வி ஃபைலும் போனது. அதிலிருந்த சாவிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்க அரை நாள் ஆனது.