டிவி ரிப்பேர் என்று 11,800 ரூபாய் போச்சு, இணையத்தில் சர்வீஸ் நம்பர் தேடுபவர்கள் படிக்கவும்

டிவி போனால் ரிப்பேர் பண்ணுவதா, புதுசு வாங்குவதா என்று குழம்புகிறவர்களுக்கு உருப்படியாக நாலு விஷயம் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. முதலில் பணம் போன கதை. மொத்தம் 11,800 ரூபாய்.

எங்கள் வீட்டில் இருப்பது 43 அங்குல எல்இடி டிவி. வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. திடீரென்று ஒரு நாள் சத்தம் மட்டும் வந்தது, திரை கறுப்பு. அம்மாவுக்கோ சீரியல் நேரம். கம்பெனி பெயரோடு 'சர்வீஸ் சென்டர் மதுரை' என்று போட்டுத் தேடி, முதலில் வந்த நம்பரை அழைத்தேன். எடுத்த பெண் கம்பெனி பெயரைச் சொல்லித்தான் வணக்கம் சொன்னார். மாடல் நம்பர் கேட்டார். புகார் எண்கூடக் குறுஞ்செய்தியில் வந்தது.

வந்தவர் லோகோ போட்ட டி-ஷர்ட், கழுத்தில் அடையாள அட்டை. செருப்பை வாசலிலேயே விட்டார். பெட்ஷீட் கேட்டு வாங்கி, நாலாக மடித்து விரித்து, திரை அடிபடாமல் டிவியைக் குப்புறப் படுக்க வைத்தார். கழற்றிய ஸ்குரூவை எல்லாம் ஒரு டப்பா மூடியில் வரிசையாக எடுத்து வைத்தார். "பையன் எவ்வளவு பொறுப்பா வேலை செய்யுறான் பாரு" என்று அம்மா காபி போட்டுக் கொடுத்தார். மீட்டரை இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், பேனல், அதாவது படம் தெரியுற திரையே போயிடுச்சு. புது பேனல்னா 26,000 ஆகும், அதுக்கு நீங்க புது டிவியே வாங்கிடலாம். நம்மகிட்ட கம்பெனியில பழசைச் சரிபண்ணின ரீஃபர்பிஷ்டு பேனல் இருக்கு, 11,400. ஆறு மாசம் வாரண்டி."

புது டிவியே வாங்கலாம் என்று அவராகச் சொன்னார் பாருங்கள், அங்கேதான் நம்பிக்கை வந்தது. ஏமாற்றுகிறவன் அப்படிச் சொல்வானா என்று யாருக்கும் தோன்றும். விசிட்டிங் சார்ஜ் 400, பேனலுக்கு 11,400. யுபிஐயில் அனுப்பும்போது ஏதோ தனி ஆள் பெயர் காட்டியது. கேட்டதற்கு "எங்க ஃப்ரான்சைஸ் ஓனர் சார்" என்றார். டிவியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அப்புறம் போனில் ஒரே பாட்டு. "பார்ட்ஸ் சென்னையில இருந்து வந்துட்டிருக்கு." "டெஸ்டிங்ல இருக்கு சார்." "வண்டி ஓட்டிட்டிருக்கேன், நானே கூப்பிடுறேன்." கூப்பிட்டதே இல்லை. ஒருவழியாக டிவி வந்தது, படமும் வந்தது. கொண்டுவந்த பையன்கள் போனதும் அம்மா திரையைத் துடைத்தவர், "இங்க பாருடா" என்றார். வலது பக்கம் கீழ் மூலையில், என் மகன் பொம்மை காரை வைத்து இழுத்த கீறல். மாற்றியதாகச் சொன்ன பேனலில் அதே கீறல்!

முதலில் வந்து பார்த்தவனைப் போனில் கேட்டால், "அது மேல போடுற கிளாஸ் சார், பழசையே மாட்டியிருப்பாங்க" என்றான். என் டிவியில் மேலே தனிக் கண்ணாடியே கிடையாது. பில் கேட்டால் "மெயில்ல வரும்". கொஞ்ச நாளிலேயே படம் மறுபடியும் போனது. இப்போது என் நம்பரை எடுப்பதில்லை. மனைவியின் போனிலிருந்து அடித்தால் அதே பெண், அதே வணக்கம்: "புதுசா கம்ப்ளைண்ட் போடுங்க மேடம், விசிட்டிங் சார்ஜ் 400." வாரண்டி கார்டில் இருந்த நம்பரை அழைத்தால், அந்தப் புகார் எண்ணே தங்களுடையது இல்லை என்கிறார்கள்.

நேற்று டவுன் ஹால் ரோடு பக்கத்து மெக்கானிக் அண்ணன் ஒருவரைக் கூட்டி வந்தேன். ஒரு ஸ்குரூவைக்கூடத் தொடாமல், ரூம் லைட்டை அணைக்கச் சொன்னார். டிவியைப் போட்டு, செல்போன் டார்ச்சைத் திரையை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். கறுப்புக்குள்ளே மங்கலாகச் செய்தி வாசிப்பவர் முகம் தெரிந்தது. "பேனல் உசுரோட இருக்கு தம்பி. பின்னாடி லைட்டுதான் போச்சு." திரைக்குப் பின்னால் எல்இடி பட்டைகள் வரிசையாக இருக்குமாம். ஒரு பல்பு போனாலும் மொத்த வரிசையும் அணைந்துவிடும், சத்தம் மட்டும் வரும். எல்லாப் பட்டையும் மாற்றக் கூலியோடு 2,500க்குள் முடியும் என்றார். திறந்து பார்த்தால், பழைய பட்டையில் இரண்டு பல்பை மட்டும் மாற்றி, பல்பு மேல் இருக்கும் லென்ஸைப் பசை தடவி ஒட்டியிருக்கிறார்கள். இதற்கா 11,800!

1915 நுகர்வோர் உதவி எண், 1930 சைபர் உதவி எண், இரண்டிலும் புகார் கொடுத்திருக்கிறேன். அதில் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. விடுவதாக இல்லை.

ரிப்பேரா புதுசா என்று விரிவாக எழுத இப்போது பொறுமை இல்லை. சத்தம் வந்து படம் வராவிட்டால் முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள். திரையில் விரிசல் கண்ணுக்கே தெரிந்தால் ரிப்பேரை மறந்துவிடுங்கள், பேனல் விலைக்கு அது கட்டாது. 32 அங்குலத்துக்கு மேலான டிவிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகிவிட்டது, புதுசே வாங்கலாம். சர்வீஸ் நம்பரை வாரண்டி கார்டிலிருந்து எடுங்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் போடாதீர்கள். டிவி வீட்டை விட்டுப் போகும் முன் திரையையும் உள்ளே இருக்கும் போர்டுகளையும் ஸ்டிக்கர் நம்பரோடு போட்டோ எடுத்துவிடுங்கள். பேனல் மாற்றினேன் என்றால் பழையதைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள், அதைப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.