ஏற்காட்டு மலைப்பாதையில் மின்சைக்கிள்: தூரக் கணக்கும் உயரக் கணக்கும்

சேலத்தில் அலுவலகம் சென்று வருவதற்காக வாங்கிய மின்சைக்கிளில் இதுவரை மூன்று முறை ஏற்காட்டுக்கு ஏறியிருக்கிறேன். பின்சக்கரத்தின் நடுவில் 250 வாட் மோட்டார், 36 வோல்ட் 10 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி, ஏழு கியர், இரு சக்கரங்களிலும் கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக், எடை 25 கிலோ. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருப்பதால் பதிவெண்ணும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. நகரச் சாலைகளில் இதன்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை.

கடையில் ஒரு சார்ஜுக்கு 40 கிலோமீட்டர் என்றார்கள். அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தானே என்ற நம்பிக்கையில், முதல் முறை பெடலை மிதிக்காமல் த்ராட்டிலை மட்டும் திருகி ஏறினேன். பாதி வழியிலேயே பேட்டரி தீர்ந்தது; மோட்டாரின் உறையில் கைவைக்க முடியாத சூடு. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. அடிவாரத்திலிருந்து 1,100 மீட்டராவது ஏற வேண்டும். நானும் வண்டியும் பையுமாக 105 கிலோவை அவ்வளவு உயரம் தூக்குவதற்கே 315 வாட்-மணி ஆற்றல் வேண்டும். பேட்டரியில் இருப்பதோ 360; அதிலும் ஒரு பங்கு மோட்டாரில் வெப்பமாகப் போய்விடும். ஆகவே மீதியைக் கால்கள்தான் தர வேண்டும்.

அடுத்த இரு முறையும் விடாமல் மிதித்தே ஏறினேன். மேலே சேர்ந்தபோது பேட்டரியில் ஒரு கட்டம் மிச்சமிருந்தது. சக்கரத்திலேயே அமைந்த இந்த மோட்டாருக்கு நம் கியர் மாற்றம் உதவுவதில்லை என்பதையும், வேகம் பத்துக்குக் கீழே இறங்கினால் அது இழுப்பதைவிடச் சூடாவதே அதிகம் என்பதையும் அப்போதுதான் தெளிவாக உணர்ந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இடப்பக்கம் திரும்புபவைதான் கடினம், ஏனெனில் உள்விளிம்பு மிகவும் செங்குத்தானது. பேருந்துக்கு வழிவிட்டு அங்கே நின்றுவிட்டால், பெடல் சிறிது சுழன்ற பிறகே மோட்டார் விழித்துக்கொள்வதால் மீண்டும் புறப்படுவது சிரமம். அந்த ஓரிரு விநாடிகளுக்கு மட்டும் த்ராட்டில் பேருதவியாக இருக்கிறது. மோட்டாரின் ஓசை மெல்லியது என்பதால் மேலிருந்து வரும் வண்டியின் ஹாரன் வளைவுக்கு முன்பே காதில் விழுவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

இறக்கம்தான் என்னைக் கவலைப்பட வைத்தது. உட்புறம் பற்சக்கரங்கள் கொண்ட இவ்வகை மோட்டார் இறக்கத்தில் தனியே கழன்று கொள்வதால் பேட்டரிக்கு மின்சாரம் திரும்புவதில்லை. வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுமை முழுவதும் பிரேக்கின்மேல்தான் விழுகிறது. முதல் இறக்கத்தில் பின்பிரேக்கையே அழுத்திக்கொண்டு வந்ததில் தீய்ந்த நாற்றம் எழுந்தது, லீவர் கைப்பிடி வரை இறங்கியது. இப்போது முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பிடித்து, ஐந்து வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிடுகிறேன். மூன்று பயணங்களில் பின்பிரேக் பேட் முற்றிலும் தேய்ந்துவிட்டது.

ஆண்டுக்குச் சில முறை மிதித்து ஏற விரும்புபவருக்கு இந்த வண்டி போதும். மலையிலேயே குடியிருந்து அன்றாடம் ஏறி இறங்குபவர், பெடல் அச்சருகே மோட்டார் அமைந்து கியர் வழியாகவே சக்தி செல்லும் வகையை, குறைந்தது 500 வாட்-மணி பேட்டரியுடனும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்குடனும் வாங்குவதே நல்லது. விலை கணிசமாகக் கூடும் என்றாலும், பிரேக்கில் மட்டுமாவது சிக்கனம் பார்க்க வேண்டாம்.