லாரிகளில் டீசல் கண்காணிப்புக் கருவி: சில ஆண்டுப் பயன்பாட்டில் கண்டது

நாமக்கல்லிலிருந்து வெளிமாநிலங்களுக்கு ஓடும் எங்கள் ஆறு லாரிகளிலும் ஜி.பி.எஸ். கருவியும், டீசல் டேங்க்கினுள் இறக்கும் அளவுக்கோலும் பொருத்திச் சில ஆண்டுகள் ஆகின்றன. செலவைக் குறைக்கத்தான் வாங்கினோம். ஆனால், ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.6 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது என்பதை அறிந்ததிலிருந்து, மாதக் கணக்கை ரூபாயோடு நிறுத்தாமல் கிலோவிலும் எழுதி வருகிறேன். ஒரு கிலோகூட எடையில்லாத ஒரு லிட்டர் டீசலிலிருந்து 2.6 கிலோ எப்படி வரும் என்று கேட்பவர்கள் உண்டு. எரியும்போது டீசலிலுள்ள கார்பன் காற்றின் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்வதால் வரும் எடை அது.

உடனடியாகப் பலன் தந்தது, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வண்டி நிற்கும் நேரத்தைக் காட்டும் பட்டியல்தான். ஆலை வாசலிலும் குடோன் வரிசையிலும் லாரி மணிக்கணக்கில் காத்திருக்கும்போது, மணிக்கு ஏறத்தாழ 2 லிட்டர் டீசல் ஒரு அடிகூட நகராமல் எரிந்துபோகிறது. டிரைவர்கள் தொடக்கத்தில் இந்தக் கருவியை, எண்ணெய் திருட்டைப் பிடிக்க வைத்த கண்ணாகவே பார்த்தார்கள். அவர்கள் வருத்தம் நியாயமானது. ஆகவே அலுவலகத்தில் நான் பார்க்கும் அதே திரையை அவர்கள் செல்பேசியிலும் திறந்துவிட்டு, மிச்சமாகும் டீசலின் மதிப்பில் பாதியைப் பேட்டாவோடு சேர்த்துக் கொடுத்தோம். கருவியின் எந்த எச்சரிக்கை ஒலியையும்விட இந்த ஏற்பாடுதான் பழக்கத்தை மாற்றியது என்பது என் உறுதியான எண்ணம்.

சேலத்துக்கும் தருமபுரிக்கும் இடையிலுள்ள தொப்பூர் கணவாயில் இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம் என்ற நம்பிக்கை லாரித் தொழிலில் ஆழமாக ஊறிப்போனது. இன்றைய மின்னணு எஞ்சின்களில், கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் செல்வதே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமலிருக்க டீசல் போய்க்கொண்டிருக்கும். உயிருக்கு ஆபத்தான ஒரு பழக்கம் எண்ணெயையும் மிச்சப்படுத்தவில்லை என்பதை எஞ்சினிலிருந்து வரும் தகவலைக் கொண்டு காட்ட முடிந்தது, இத்தனை ஆண்டுகளில் எனக்கு மிகுந்த நிறைவளித்த விஷயம். அளவுக்கோல் குறையில்லாதது அன்று: மேட்டுச் சரிவில் டேங்க்கில் எண்ணெய் ஒருபக்கம் சாய்ந்து, திருட்டு நடந்ததுபோல் பொய்யாகக் காட்டும். சமதளத்தில் நின்றபோது எடுத்த அளவைத் தவிர வேறெதையும் வைத்து டிரைவரிடம் கேள்வி கேட்கக் கூடாது.

சாலையிலும் நிலைமை மாறியிருக்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் மாநில எல்லை வணிகவரிச் சோதனைச்சாவடிகள் எடுக்கப்பட்டன. 2018 ஏப்ரலில் மாநிலங்களுக்கிடையிலான சரக்குக்கு இ-வே பில் என்ற மின்னணு அனுமதிச் சீட்டு வந்தது. 2021 பிப்ரவரியில், சுங்கச்சாவடிக் கட்டணத்தைத் தானாகக் கழிக்கும் ஃபாஸ்டேக் கட்டாயமானது. மூன்றும் புகையைக் குறைக்கும் திட்டங்களாகப் பேசப்படவில்லை என்றாலும், வரிசையில் நின்று எரித்த டீசல் குறைந்ததை எங்கள் கணக்கில் காண்கிறோம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயத்தில் இந்தக் கருவியின் மென்பொருள் தவறான வழி காட்டுகிறது என்பதை வாங்க நினைப்பவர்கள் அறிய வேண்டும். அது ஒவ்வொரு வண்டிக்கும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிட்டு, அதைக் கொண்டு தரவரிசை போடுகிறது. 20 டன் ஏற்றிய எங்கள் 12 சக்கர லாரி லிட்டருக்கு 3.5 கிலோமீட்டர் ஓடும். அதே வண்டி காலியாக 5 கிலோமீட்டர் ஓடும். அதனால் மும்பையில் சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்புகிற லாரிக்குத்தான் பச்சை நிறத்தில் நல்ல மதிப்பெண் விழுகிறது!

சுமார் 1,200 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், காலியாகத் திரும்புவதற்கு மட்டும் 240 லிட்டர் எரிந்து 600 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. அதற்கு ஈடாக ஒரு மூட்டைகூட ஊர் வந்து சேர்வதில்லை. திரும்பும்போதும் 20 டன் ஏற்றினால் அந்தப் பக்கம் நூறு லிட்டர் கூடுதலாக எரியும்; ஆனாலும், ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல எரியும் டீசல், இரு வழியையும் சேர்த்துப் பார்த்தால், ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்துவிடுகிறது. எஞ்சினைச் சீராக ஓட்டி மிச்சப்படுத்துவது எதுவும் இதற்கு அருகில் வராது.

ஆகவே, ரிட்டன் லோடு, அதாவது திரும்பும் வழிக்கான சரக்கு, தேடித்தரும் செயலிகளை இக்கருவியோடு சேர்த்தே மதிப்பிடுகிறேன். நாங்கள் பயன்படுத்தும் ஒன்றில், ஏற்கெனவே வேறு வண்டிக்குப் போய்விட்ட லோடுகள் நீக்கப்படாமல் கிடப்பது எரிச்சல் தருகிறது. வாடகைப் பாக்கியை வசூலிக்கவும் அதில் வழியில்லை. லோடு பிடித்துத் தரும் நம்பிக்கையான புக்கிங் ஆபீஸின் இடத்தை அது இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் நாசிக்கில் வெங்காய லோடு இருக்கிறதா என்று, வண்டி மும்பையில் இறக்கத் தொடங்குவதற்கு முன்பே இங்கிருந்து பார்க்க முடிவதால், காலியாக வரும் பயணங்கள் வெகுவாகக் குறைந்திருக்கின்றன.

கருவி விற்ற நிறுவனத்திடம், சரக்கின் எடையைப் பதிவதற்கு ஒரு கட்டம் சேர்க்கும்படி பலமுறை கேட்டும் இன்னும் வரவில்லை. அதனால் எடைமேடைச் சீட்டிலிருந்து டன் அளவைத் தனியே எழுதி, டன்-கிலோமீட்டர் கணக்கை நாங்களே போட்டு, டிரைவர்களின் ஊக்கத்தொகையையும் அதன்படியே வழங்குகிறோம். புதிதாக வாங்குபவர்கள் பணம் கட்டுவதற்கு முன் அந்தக் கட்டம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.