நாய்கிட்ட இருந்து ஆடு, கோழி, முயலைக் காப்பாத்த எது உதவும்: வேலியா, ஷாக் கம்பியா, காவல் நாயா, கழுதையா?

எங்க பட்டில மொதல் தடவை நாய் பூந்தப்போ வேலி ஆறடி உயரம். விடிகாலைல சத்தம் கேட்டு நான் ஓடிப்போறதுக்குள்ள நாலு குட்டியும் ஒரு சினை ஆடும் போயிருச்சு, ஒண்ணைக்கூட அதுங்க தின்னல, தொடை, பின்னங்கால், காதுன்னு கண்ட எடத்துல கடிச்சுக் குதறிப் போட்டுட்டு அடுத்ததைத் துரத்தப் போயிருக்கு. ஆறடியை எப்படித் தாண்டுச்சுன்னு சுத்திச் சுத்திப் பார்த்தேன். தாண்டவே இல்லங்க. மழைத்தண்ணி அரிச்சு வேலிக்கு அடியில ஒரு சாண் பள்ளம், அங்க கம்பி முனையில முடி ஒட்டிட்டு இருந்துச்சு. வந்தது ரெண்டு நாய், ஒண்ணு யாருக்கும் சொந்தமில்லாதது, இன்னொண்ணு பக்கத்து வீட்டு நாய், பகல்ல என்னைப் பார்த்தா வாலாட்டிட்டு காலை நக்குற நாய்.

அதுல இருந்து யாரு என்ன வழி சொன்னாலும் நான் மொதல்ல கேக்குறது ஒண்ணுதான், நாய் அடியில வந்தா இது நிக்குமா? நாம எல்லாரும் காசை உயரத்துல கொட்டுறோம், நாய் தரையை மோந்துகிட்டே வேலியைச் சுத்தி வந்து எங்க லூசா இருக்கோ அங்க மூக்கை விடுது. குதிச்சுத் தாண்டுற நாயும் இருக்கு, இல்லைன்னு சொல்லல, ஆனா அடியில பூர முடியற வரைக்கும் பெரும்பாலான நாய் குதிக்கிற வேலைக்குப் போகாது.

இன்னொண்ணும் மனசுல வச்சுக்கோங்க. ஊர் நாய் பசிக்காக அடிக்கிறது கம்மி. ஓடுறதைப் பார்த்தா துரத்தத் தோணுது, அடைப்புக்குள்ள ஆடோ கோழியோ தப்பிக்க எடம் இல்லாம ஓடிட்டே இருக்கிறதால நாயும் நிறுத்தாம கடிச்சுட்டே இருக்கு. அதனால "வேளாவேளைக்குச் சோறு போட்டா வராது"ன்னு சொல்றதை நம்பாதீங்க, நல்லா தின்னு கொழுத்த வீட்டு நாய்தான் நிறைய எடத்துல இந்த வேலையைப் பண்ணுது. தனியா வர்றப்போ சாதுவா இருக்கிற நாய் இன்னொண்ணு கூடச் சேர்ந்தா வேற மாதிரி ஆயிரும். ஒரு தடவை ஜெயிச்சுட்டா அதே எடத்துக்குத் திரும்ப வரும், அதனால மொத அடி விழுந்த அன்னைக்கே ஏதாவது பண்ணணும், அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு விட்டா அடுத்த வாரத்துக்குப் பட்டில ஆடு இருக்காது.

வலையில இருந்து ஆரம்பிப்போம். கோழிவலைன்னு அறுகோண ஓட்டையோட மெல்லிசா விக்குறாங்க பாருங்க, அது கோழி வெளிய போகாம இருக்கத்தான், நாய் உள்ள வராம இருக்க இல்ல. நாய் பல்லால ரெண்டு இழு இழுத்தா பிரிஞ்சு வந்துரும். அதுக்குப் பதிலா வெல்டு மெஷ், அதாவது குறுக்கும் நெடுக்குமா கம்பி வச்சுப் பத்தவச்ச வலை, கம்பி கொஞ்சம் தடியா இருக்கிறதா பார்த்து வாங்குங்க. முயலுக்கும் கோழிக்குஞ்சுக்கும் ஓட்டை அரை இஞ்ச், அதாவது 13 மில்லிமீட்டர் அளவுக்கு மேல போகக்கூடாது. செயின் லிங்க் வேலி நல்ல பலம்தான், கடிச்சு அறுக்க முடியாது, ஆனா அதோட குறையே அடிப்பக்கம் தொளதொளன்னு இருக்கிறதுதான், கீழ இழுத்துக்கட்டின கம்பி ஒண்ணு ஓடலைன்னா நாய் மண்டையால முட்டித் தூக்கிட்டு வந்துரும். எங்க வீட்டு வேலி இதே ரகம்தான். முள்ளுச்செடி வச்சு உயிர்வேலி போடுறது பார்க்க அழகு, ஆட்டுக்கு நிழலும் கூட, ஆனா தண்டுகளுக்கு நடுவுல தரையோட தரையா எப்பவும் ஒரு சந்து இருக்கும், அதுக்குள்ள வலையையும் சேர்த்து ஓட்டுனாத்தான் உதவும். உயரம் அஞ்சடிக்குக் குறையாம இருந்தா போதும், பெரிய நாய் நடமாட்டம் இருந்தா ஆறடி. அதுக்கு மேல ஏத்துற காசைக் கீழ போடுங்க.

கீழன்னா என்ன பண்றது? ரெண்டு வழி சொல்லுவாங்க. வேலியை ரெண்டடி ஆழம் தோண்டிப் புதைக்கிறது ஒண்ணு, வேலிக்கு வெளிப்பக்கமா தரையிலயே ரெண்டடி அகலத்துக்கு வலையைப் பாவாடை மாதிரி விரிச்சு ஆப்பு அடிச்சு வேலியோட கட்டிவிடுறது இன்னொண்ணு. நான் ரெண்டாவதுதான் சொல்லுவேன். தோண்டுற கூலி மிச்சம், மண்ணுக்குள்ள கம்பி துருப்பிடிச்சுப் போறது தெரியவே தெரியாது, மேல இருந்தா கண்ணுல படும், பாறை தட்டுற நிலத்துல தோண்டவும் முடியாது. இது ஏன் வேலை செய்யுதுன்னா நாய் தோண்டுறப்போ வேலிக்கு ஒட்டித்தான் தோண்டும், நகத்துல வலை தட்டுனா ரெண்டடி பின்னாடி போய் அங்க இருந்து சுரங்கம் போடணும்னு அதுக்குத் தோணாது, கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடியும் வேலியோரமாத்தான் தோண்டும். கொஞ்ச மாசத்துல புல்லு வளர்ந்து வலையை மூடிக்கும், அப்புறம் பிடுங்கவே முடியாது. ஆட்டைக் கட்டிப்போட்டு வளர்க்குறவங்களுக்கு ஒரு வார்த்தை, வேலி இல்லாத வெளியில கயித்துல கட்டின ஆட்டை விட்டுட்டு நகராதீங்க, ஓடவும் முடியாம திரும்பி முட்டவும் முடியாம நாய்க்கு நாமளே பிடிச்சுக் குடுத்த மாதிரி ஆயிரும்.

ஷாக் வேலியை வலைவேலியோட ஒப்பிட்டா, வலை நாயைத் தடுக்குது, ஷாக் நாய்க்குப் பாடம் சொல்லிக் குடுக்குது. ஒரு தடவை மூக்குல பட்ட நாய் அந்தப் பக்கமே ரொம்ப நாளைக்கு வராது. ஆனா மூக்குலதான் படணும். உடம்பு பூரா முடி இருக்கிறதால முதுகுல பட்டா பாதிக்கு மேல உறைக்காது, அதுவும் தலையை உள்ள விட்டதுக்கு அப்புறம் ஷாக் அடிச்சா நாய் பின்னாடி போகாம முன்னாடி பாஞ்சு உள்ளயே வந்துரும். அதனால இருக்கிற வேலிக்கு வெளிப்பக்கம் ஒரு சாண் தள்ளி, தரையில இருந்து 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துல ஒரு கம்பி, 45 சென்டிமீட்டர் வாக்குல இன்னொண்ணு, இவ்வளவுதான் வேணும். கம்பிக்குக் கரண்ட் குடுக்குற ஷாக் வேலி மெஷின் வேலை செய்யுதான்னு டெஸ்டர் வச்சுப் பாருங்க, நாய்க்கு 4000 வோல்ட்டுக்குக் கீழ போகவிடாதீங்க. வோல்ட் பெருசா கேட்டாலும் அந்த மெஷின் செகண்டுக்கு ஒரு தடவை, அதுவும் ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு நேரம் கூட இல்லாம ஒரு துடிப்புதான் விடும், அதனாலதான் அது சாதாரணமா உயிரை வாங்காது. இதைப் பார்த்துட்டு வீட்டுக் கரண்டை நேரா கம்பியில குடுக்குறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு பண்ணாதீங்க, நாய் சாகுறதுக்கு முன்னாடி உங்க வீட்டுக் குழந்தையோ ராத்திரி அந்தப் பக்கமா வந்த யாரோ செத்துருவாங்க.

ஷாக் வேலி பொய்யா போற எடம் ரெண்டு. புல்லு வளர்ந்து கம்பியைத் தொட்டா கரண்ட் பூரா மண்ணுக்குள்ள போயிரும், அதனால அடியில வெட்டிட்டே இருக்கணும். காஞ்ச மண்ணுல எர்த் எடுக்காது, நாய் கம்பியைத் தொட்டாலும் கரண்ட் மண்ணு வழியா மெஷினுக்குத் திரும்பி வந்தாத்தானே அடிக்கும். மெஷினோட எர்த்துக்காக மண்ணுல அடிக்கிற கம்பி, அதாவது எர்த் ராடு, ஒண்ணு பத்தாது, மூணு ராடை மூணு மூணு மீட்டர் தள்ளி அடிச்சு ஒண்ணா இணைங்க, ரொம்ப வறண்ட பூமின்னா மெஷினோட எர்த்துல இருந்தே ஒரு கம்பியை இழுத்து ஷாக் கம்பிக்குப் பக்கத்துலயே ஓட்டுங்க, நாய் ரெண்டையும் சேர்த்துத் தொட்டா மண்ணு ஈரம் இல்லாட்டியும் அடிக்கும். சுருட்டி எடுத்துட்டுப் போற ஷாக் வலையும் வருது, தினம் எடம் மாத்தி மேய்க்கிற செம்மறிக்கும் கோழிக்கும் அருமையான சாமான், ஆனா கொம்பு வச்ச வெள்ளாடு அதுல கொம்பை மாட்டிக்கிட்டா துடிப்பு மேல துடிப்பா வாங்கிட்டே கிடக்கும், குட்டிகளும் மாட்டும். வெள்ளாடு வச்சிருந்தா தனிக்கம்பிதான் நல்லது.

காவலுக்கு மிருகம் வைக்கிறதுல நாயா கழுதையான்னு பெரிய விவாதமே நடக்கும். நாய்ன்னா வீட்டு வாசல்ல குலைக்கிற நாய் இல்ல, மந்தையோடயே பிறந்து வளர்ற ரகம், கிரேட் பைரனீஸ், மரேம்மா, கங்கல் மாதிரி. ரெண்டு மாசக் குட்டியிலேயே ஆட்டுக்குள்ள விட்டு வளர்க்கணும், அது ஆட்டையே தன் குடும்பம்னு நினைச்சுக்கும். ஆஸ்திரேலியாவுல வார்னம்பூல் பக்கத்துல மிடில் ஐலண்டுன்னு குட்டித் தீவு, நரிங்க நடந்தே போய் அங்க இருந்த பென்குயினைப் பத்துக்கும் கீழ கொண்டாந்துருச்சு, 2006ல மரேம்மா நாயை விட்டதுக்கு அப்புறம்தான் எண்ணிக்கை திரும்ப ஏறுச்சு. அதே தீவுல 2017ல கடல் மோசமா இருந்து நாயைக் கொண்டுபோக முடியாத சமயம் பார்த்து நரி பூந்து நிறைய அடிச்சிருச்சு. நாய் அங்க இருக்கிற வரைக்கும்தான் காவல். நாய் வாங்குன அன்னைக்கே காவல் வந்துருச்சுன்னும் நினைக்காதீங்க, ஒண்ணரை வருஷம், ரெண்டு வருஷம் ஆகும் அதுக்குப் பக்குவம் வர, அதுவரைக்கும் அதுவே விளையாட்டுக்கு குட்டியைத் துரத்திக் காதைக் கடிச்சு வைக்கும். ராத்திரி பூரா குலைக்கும், பக்கத்துல வீடுங்க நெருக்கமா இருந்தா சண்டைதான். நாலு ஆட்டுக்கும் பத்து கோழிக்கும் இது வேண்டாம்னுதான் சொல்லுவேன், பெரிய மந்தைக்கு ஒண்ணு இல்ல, ரெண்டா வைங்க, கூட்டமா வர்ற நாயை ஒண்ணு தனியா சமாளிக்காது.

கழுதைக்கு நாயைக் கண்டாலே ஆகாது, காதை மடக்கிட்டுக் கத்தி, துரத்தி, மிதிக்கும். பெருசா பயிற்சி வேண்டாம், ஆட்டோட சேர்ந்து பழக மட்டும் கொஞ்ச நாள் விடணும், ஆடு மேயுற புல்லையே மேஞ்சுக்கும். ஒத்தையா வச்சாத்தான் ஆட்டோட ஒட்டும், ரெண்டு வச்சா அதுங்க ரெண்டும் ஒரு பக்கம் போய் நின்னுக்கும். பொட்டைக் கழுதையோ காயடிச்சதோ வைங்க, காயடிக்காத ஆண் ஆட்டையே கடிச்சு மிதிச்சுரும். ஆடு குட்டி போடுற சமயத்துல எந்தக் கழுதையா இருந்தாலும் தள்ளிக் கட்டுங்க. ஒரு நாய் வந்தா கழுதை போதும், மூணு நாலு சேர்ந்து வந்தா கழுதைக்கே ஆபத்து. முக்கியமா ஆட்டுத் தீவனத்துலயும் கோழித் தீவனத்துலயும் சிலதுல மொனென்சின்னு ஒரு மருந்து கலந்திருக்கும், அந்த அளவை ஆடும் கோழியும் தாங்கும், கழுதை கொஞ்சம் தின்னாலே இதயம் நின்னு செத்துரும், மூட்டை மேல இருக்கிறதைப் படிச்சுட்டு வாங்குங்க. வாத்தும் கினிக்கோழியும் சத்தம் போட்டு எழுப்பிவிடும், அதுக்கு மேல அதுங்களுக்கே காவல் வேணும்.

ஆள் நடமாட்டத்துக்கு எரியுற லைட்டு, நம்ம காதுக்குக் கேக்காத சத்தம் போடுற மெஷின், இதுக்கெல்லாம் காசு போடாதீங்க. வெளிச்சத்துலயும் சத்தத்துலயும் பிறந்து வளர்ந்த நாய்க்கு அது பழகிப் போறதுக்கு ரொம்ப நாள் ஆகாது. விஷம் வைக்கிற பேச்சே வேண்டாம், அதைத் தின்னுறது எந்த நாய், எந்தப் பறவை, யாரு வீட்டுப் பூனைன்னு உங்களால சொல்ல முடியாது.

இத்தனையும் எழுதிட்டு நான் எதுக்கு மொதல் எடம் குடுப்பேன்னா ராத்திரி அடைக்கிற கொட்டிலுக்கு. ஏக்கர் கணக்குல வேலி போட முடியாதவங்க கூட பத்துக்குப் பத்து எடத்தை நாலு பக்கமும் கூரையும் சேர்த்து வெல்டு மெஷ் அடிச்சு, அடியில சிமெண்டோ வலைப்பாவாடையோ போட்டு, பொழுது சாயுறப்போ உள்ள அடைச்சுறலாம், எல்லா வேலியை விடவும் செலவு கம்மி, காவலும் உறுதி. கதவுக்கும் தரைக்கும் நடுவுல நாலு விரல் சந்து கூட விடாதீங்க, வெறும் கொக்கி மாட்டாம தள்ளுனாலும் ஆட்டுனாலும் திறக்காத தாழ்ப்பாள் போடுங்க. பகல் மேய்ச்சலுக்கு ஆள் கூடவே இருக்க முடியலைன்னா அப்புறம் பாவாடை வேலியும் மூக்குக் கம்பியும். முயலுக்கு மட்டும் இன்னும் ஒரு படி கூட வேணும், கூட்டைத் தரையில இருந்து மூணடி தூக்கி வச்சாலும் அடித்தளம் வலையா இருந்தா நாய் கீழ நின்னு பாதத்தைக் கடிச்சு இழுக்கும், கடிக்கவே இல்லைன்னாலும் கூட்டைச் சுத்திக் குலைச்சா பயத்துலயே முயல் செத்துப்போகலாம், அதனால கூட்டுக்கு வெளிய இன்னொரு அடைப்பு, உள்ள ஒளிஞ்சுக்க ஒரு மரப்பெட்டி.

நாய்க்காரங்ககிட்ட பேசுறதையும் ஒரு வழியா சேர்த்துக்கணும், அது மட்டுமே போதும்னு இல்ல. நான் கோவத்துல போய்க் கத்துனேன், எங்க நாய் அப்படிப் பண்ணாதுன்னு ஒத்த வார்த்தையில முடிச்சுட்டாங்க, அவங்களைத் தப்பு சொல்லவும் முடியல, அவங்க பார்த்தது வாலாட்டுற நாயைத்தானே. அப்புறம் ராத்திரி கேமரா ஒண்ணு மாட்டி, வேலியோரம் அந்த நாய் மோந்துட்டு நிக்கிற படத்தைக் காட்டுனதுக்கு அப்புறம்தான் ராத்திரி கட்டிப்போட ஆரம்பிச்சாங்க. அதனால போறப்போ படத்தோட போங்க, ஆடு கடிபட்ட அன்னைக்கே காயத்தையும், கால்தடத்தையும், பூந்த எடத்தையும் எடுத்து வச்சுக்கோங்க.

கடிபட்டுப் பொழைச்ச ஆட்டைப் பத்தியும் சொல்லிடறேன். வெளிய பார்த்தா பல்லு பதிஞ்ச சின்ன ஓட்டைதான் தெரியும், தோலுக்கு அடியில சதை கிழிஞ்சு கிடக்கும், முடியை வழிச்சுட்டுப் பாருங்க. கையுறை போட்டுட்டு சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவுங்க, கடிச்சது வெறிநாயான்னு பார்த்துட்டு இருக்காம அன்னைக்கே கால்நடை டாக்டரைக் கூப்பிட்டு ரேபீஸ் ஊசியும், ரணஜன்னிக்கான (டெட்டனஸ்) ஊசியும் கேளுங்க. கடி படாம துரத்தல் மட்டும் வாங்குன சினை ஆட்டையும் தனியா கட்டித் தினம் பாருங்க, ஓடுன ஓட்டத்துல சில நாள் கழிச்சுக் கூட கரு கலையும். எங்க பட்டில தப்பிச்ச ஒரு ஆடு அப்படித்தான் அஞ்சாம் நாள் கலைச்சுப் போட்டுச்சு, கடிபடலைன்னு நான் கவனிக்காமலே விட்டிருந்தேன்.