ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் பள்ளி மாறினேன்: பழையதா, புதியதா?

கலிபோர்னியாவில் ஹைஸ்கூல் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வருடம். முதல் வருடத்தை, அதாவது ஃப்ரெஷ்மன் வருடத்தை, இரண்டாயிரம் பேருக்கு மேல் படிக்கும் பெரிய அரசுப் பள்ளியில் கழித்தேன். பத்தாம் வகுப்புக்கு நானூறு பேர்கூட இல்லாத சார்ட்டர் பள்ளிக்கு வந்துவிட்டேன். தனி நிர்வாகம் என்றாலும் சார்ட்டரும் அரசுப் பணத்தில் நடப்பதுதான், கட்டணம் கிடையாது. அதனால் செலவைப் பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை.

மாற நினைத்ததற்கு முதல் காரணம் மதிப்பெண். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பி, ஒரு சி. புது இடத்தில் புதுக் கணக்கு தொடங்கலாம் என்று நினைத்தது என் அறியாமை. பழைய கிரேடுகள் எல்லாம் எழுதிய டிரான்ஸ்கிரிப்ட் கூடவே வந்துவிடும். ஆனால் யூசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) பல்கலைக்கழகங்கள் ஜிபிஏ, அதாவது கிரேடு சராசரி, கணக்கிடும்போது ஒன்பதாம் வகுப்பு கிரேடுகளைச் சேர்ப்பதில்லை; பாடத்தில் சி-க்குக் குறையாமல் இருந்தால் போதும். இது முன்பே தெரிந்திருந்தால் பாதி ராத்திரி அழுகை மிச்சம்.

ஏபி என்றால் பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் பாடங்கள். பெரிய பள்ளியில் அவை இருபதுக்கு மேல், சிறியதில் எட்டு. கேட்டவுடன் பெரியதுதான் ஜெயிக்கிறது. ஆனால் யூசி கணக்கில் இப்படிப்பட்ட பாடங்களுக்கான கூடுதல் புள்ளி எட்டு செமஸ்டருக்குத்தான் கிடைக்கும், அதிலும் பத்தாம் வகுப்பில் படித்தவற்றில் நான்கு செமஸ்டருக்கு மேல் சேராது. இருபதும் இருந்து என்ன செய்ய? கால்குலஸோடு சேர்ந்த இயற்பியல் பாடமான ஏபி ஃபிசிக்ஸ் சி இங்கே இல்லை என்பது மட்டும் உண்மையான இழப்பு. பொறியியல் படிக்க நினைப்பவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விளையாட்டில் பழைய பள்ளிதான் மேல். வீடு மாறாமல் பள்ளியை மட்டும் மாற்றியதால், மாநில விளையாட்டுக் கூட்டமைப்பு விதிப்படி, கிராஸ் கன்ட்ரி என்னும் நெடுந்தூர ஓட்ட சீசனில் ஒரு பகுதி உட்கார வேண்டியதாயிற்று.

மதிய இடைவேளைதான் நிஜமாகவே என்னை நகர்த்தியது. பெரிய பள்ளியில் மிடில் ஸ்கூல் நண்பர்கள் ஆளுக்கொரு பக்கம் சிதற, அரை வருடம் நூலகத்தில்தான் சாப்பாடு. யாரும் கவனிக்கவில்லை, அது வலித்தது, சில நாட்களில் வசதியாகவும் இருந்தது. இங்கே யாரும் தனியாக உட்கார முடியாது. இரண்டாவது வாரமே என் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒருத்தியோடு சண்டை போட்டால் ஒதுங்க இடம் கிடையாது, அடுத்த பீரியடில் அவள் பக்கத்து நாற்காலியில் இருப்பாள். சரி, இதற்கு நான் தயார், நூலகச் சாப்பாட்டுக்கு இல்லை.

கையைச் சுட்டது மொழிப்பாடம். யூசிக்கு ஒரே அயல்மொழியில் இரண்டு வருடம் வேண்டும். நான் அங்கே முடித்தது ஃபிரெஞ்ச் ஒன்று, அதாவது முதல் வருடப் பாடம். இங்கே ஸ்பானிஷ் மட்டும்தான். சேர்ந்த பிறகுதான் பாடப் பட்டியலையே பார்த்தேன். கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்பாக ஃபிரெஞ்சைத் தொடரலாம் என்றார் கவுன்சிலர். கிராஸ் கன்ட்ரி பயிற்சியும் அதே நேரத்தில்தான். ஆக, பத்தாம் வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஸ்பானிஷ் ஒன்று. முதல் நாள் பக்கத்துப் பையன், "நீங்களும் ஃப்ரெஷ்மனா?" என்று கேட்டான். "ஆமாம், இரண்டாவது தடவை" என்றேன்.