தூசி சேகரிப்பான் வாங்கும் முன் பைகளை எண்ணிப் பாருங்கள்

கோவையில் உலோகத்தை உருக்கி மணல் அச்சில் வார்க்கும் சிறியதொரு பவுண்டரி நடத்தி வருகிறேன். அச்சை உடைத்து வார்ப்பை எடுக்கும் இடத்தில் எழும் மணல் தூசியை உறிஞ்சுவதற்காகச் சென்ற ஆண்டு ஒரு பேக் ஃபில்டர் (தூசிக் காற்றைத் துணிப் பைகள் வழியே வடிகட்டும் இயந்திரம்) வாங்கி ஏமாந்தேன். விற்றவர்களின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஏமாந்த விதத்தை மட்டும் சொல்கிறேன்.

வந்த மூன்று விலைப்புள்ளிகளில் இவர்களுடையதுதான் மிகக் குறைவு. மணிக்கு 20,000 கன மீட்டர் காற்று, 500 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 500 கிராம்) பாலியஸ்டர் ஃபெல்ட் பைகள், ஓராண்டு உத்தரவாதம் என்றெல்லாம் எழுதியிருந்தவர்கள், பைகள் எத்தனை என்பதை மட்டும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஓட்டிக் காட்டிய அன்று ஆலையில் வார்ப்பு இல்லை. புதுப் பைகளோடு வெறும் காற்றை இழுத்த இயந்திரம் அழகாக ஓடியது. பைகளுக்கு முன்னும் பின்னும் உள்ள காற்றழுத்த வித்தியாசத்தைக் காட்டும் மானோமீட்டரில் 40 மில்லிமீட்டர்கூட ஏறவில்லை; பை அடைத்தால் இது ஏறும். அதைப் பார்த்து மகிழ்ந்து மீதிப் பணத்தையும் அன்றே கொடுத்தது என் முட்டாள்தனம்.

ஆறாவது வாரத்தில் மானோமீட்டர் 250 மில்லிமீட்டரைத் தொட்டது. உறிஞ்சும் வேகம் குறைந்து, தூசியை உள்ளிழுக்கும் ஹூடுக்கு வெளியே தூசி புகையாக நின்றது. கேட்டதற்கு, பைகளில் அடித்துத் தூசியை உதிர்க்கும் உங்கள் கம்ப்ரசர் காற்றில் ஈரம் இருக்கிறது என்றார்கள். ஈரத்தை நீக்கும் டிரையர் வாங்கி வைத்தும் ஒரு மாற்றமும் இல்லை.

அதன் பிறகுதான் மேல் மூடியைத் திறந்து எண்ணினேன்: 96 பைகள். 160 மில்லிமீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீளமும் கொண்ட பை ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரைச் சதுர மீட்டர் துணி என்றால், மொத்தம் 145 சதுர மீட்டர். நிமிடத்துக்கு 333 கன மீட்டர் காற்று இதன் வழியே போகும்போது, துணியைக் கடக்கும் வேகம் நிமிடத்துக்கு 2.3 மீட்டர் ஆகிறது. மணலும் அதைப் பிணைக்கும் பென்டோனைட் களிமண்ணும் கலந்த நுண்தூசிக்கு இதை 1.5 மீட்டருக்குள் வைப்பதே வழக்கம். வேகம் கூடினால், காற்றடித்து உதிர்த்த தூசி அடியிலுள்ள ஹாப்பர் தொட்டியில் விழுவதற்குள், மேலெழும் காற்று அதைப் பக்கத்துப் பையில் கொண்டுபோய் ஒட்டிவிடுகிறது.

உதிரியாகத் தந்திருந்த புதுப் பையில் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் துண்டு வெட்டி, தெரிந்த நகைக்கடைத் தராசில் வைத்தேன். 5 கிராம் இருக்க வேண்டிய துணி 3.8 கிராம்தான் இருந்தது.

கடிதம் எழுதினேன். பைகள் தேய்மானப் பொருள், அவற்றுக்கு உத்தரவாதம் பொருந்தாது என்று பதில் வந்தது. விலைப்புள்ளியின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது. இதற்கிடையே, அச்சு உடைக்கும் தொழிலாளர்கள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்தார்கள். நுரையீரலின் அடிவரை போய் சிலிக்கோசிஸ் என்னும் நோயை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் துகள். துண்டு அதைத் தடுக்காது.

வாங்க இருப்பவர்கள் பைகளின் எண்ணிக்கை, விட்டம், நீளம், துணியின் எடை ஆகியவற்றை ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். முழு வார்ப்போடு சில வாரங்கள் ஓடிய பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். நான் வேறொருவரிடம் 84 பைகள் கொண்ட இன்னொரு பெட்டியைச் செய்து வாங்கி இணைத்து, பழைய பைகளையும் மாற்றிவிட்டேன். மானோமீட்டர் இப்போது 110-இல் நிற்கிறது. விலை அதிகம் என்று நான் ஒதுக்கிய விலைப்புள்ளியை அண்மையில் எடுத்துப் பார்த்தேன். 180 பைகள் என்று முதல் பக்கத்திலேயே இருந்தது.