பள்ளிக்கூடப் போட்டோவுக்கு ஒரே ஒரு லைட்டு: கோடாக்ஸ் எம்எஸ்300, இரண்டு வருடம் கழித்து

கொழிஞ்சாம்பாறையில் இருந்து எழுதுகிறேன். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வேலந்தாவளம் வழியாகப் போனால் கோயம்புத்தூர், கோபாலபுரம் வழியாகப் போனால் பொள்ளாச்சி. கல்யாண வேலைக்கு ஆள் கூப்பிட்டால் கேமரா பையைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தவன், பள்ளிக்கூடப் படங்களைத் தனியாக எடுக்க ஆரம்பித்து இது மூன்றாவது வருடம். முதல் வருடம் என்னிடம் லைட்டே கிடையாது. அதற்கப்புறம் இரண்டு வருடமாக கோடாக்ஸ் எம்எஸ்300 என்கிற ஒரே ஒரு பிளாஷ் லைட்டுதான் என் தொழிலைத் தாங்குகிறது. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிறவர்கள் முதலில் கேமராவை மாற்றத்தான் பணம் சேர்க்கிறார்கள். அந்தப் பணத்தை முதலில் லைட்டில் போடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வருடம் நடந்ததைச் சொன்னால் காரணம் புரியும். ஒரு தொடக்கப் பள்ளியில் ஐடி கார்டுக்காக 240 பிள்ளைகள். வராந்தாவில் வெளிச்சம் அழகாக விழுந்தது. வெளிர்நீலத் துணியைக் கட்டி, ஸ்டூல் போட்டு, காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தேன். பதினொரு மணிக்கு மேகம் மூடியது. மத்தியானம் வெயில் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பியது. அந்தச் சுவருக்குப் பச்சை டிஸ்டம்பர் அடித்திருந்தார்கள். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகள் சரியாக இருந்தார்கள், மூணாங்கிளாஸ் நீலமாக இருந்தது, நாலாங்கிளாஸ் பிள்ளைகளுக்குக் கழுத்தடியில் பச்சை ஏறியிருந்தது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மூன்று ராத்திரி சரி செய்தும் கார்டுகளை மேசையில் பரப்பியபோது இரண்டு வேறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி இருந்தது. டீச்சர் எதுவும் சொல்லவில்லை, கார்டுகளை அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு வைத்துவிட்டார். அடுத்த வருடம் என்னைக் கூப்பிடவும் இல்லை.

கல்யாணத்தில் ஒரு படம் நன்றாக வந்தால் அந்த ஒரு படமே பேசும். பள்ளிக்கூட வேலை அப்படி இல்லை. முதல் பிள்ளையும் இருநூற்று நாற்பதாவது பிள்ளையும் ஒரே மாதிரி வரவேண்டும். அதைக் கொடுப்பது லைட்டு.

கோயம்புத்தூரில் ஸ்டூடியோவை மூடிய ஒருவரிடம் இந்த எம்எஸ்300-ஐ, வெளிச்சத்தைப் பரப்பும் ஒரு வெள்ளைக் குடையோடு சேர்த்து, 7,500 ரூபாய்க்குப் பழையதாக வாங்கினேன். கேமராவில் பட்டனை அழுத்தும்போது லைட்டை அடிக்கவைக்கும் எக்ஸ்2டி டிரிக்கர் (நிக்கானுக்கானது) தனியாக வாங்கியது. 300 வாட்-செகண்ட் சக்தி. முழு பவரில் அடித்தால் மறுபடி சார்ஜ் ஏற 1.8 வினாடி. ஆனால் முழு பவர் தேவையே படுவதில்லை. நான் கால் பவரில் வைக்கிறேன், அடுத்த பிள்ளை ஸ்டூலில் ஏறுவதற்குள் லைட்டு தயாராக இருக்கும். லைட்டின் முன்னால் பொருட்களை மாட்டும் வளையம் போவன்ஸ் மவுன்ட் என்கிற வகை. அதனால் நாளைக்கு வெளிச்சத்தை மெத்தென்று ஆக்கும் சாப்ட்பாக்ஸ் வாங்கினாலும், அதே மவுன்ட் உள்ளதாக இருந்தால் எந்தக் கம்பெனியுடையதும் பொருந்தும். உள்ளே தொடர்ந்து எரியும் 150 வாட் மாடலிங் பல்பு இருக்கிறது. இருட்டு வகுப்பறையில் கண்ணில் போக்கஸ் பிடிக்க அந்த பல்பு பெரிய உதவி.

என் கேமரா பழைய நிக்கான் டி5600, லென்ஸ் 50 எம்எம் 1.8ஜி. (அந்த பாடிக்குள் போக்கஸ் மோட்டார் கிடையாது. விலை குறைவென்று பழைய டி வகை 50-ஐ வாங்கினால் கையால்தான் போக்கஸ் செய்யவேண்டும். 'ஜி' என்று பார்த்து வாங்குங்கள்.) செட்டிங் எல்லாம் மேனுவல்: ஷட்டர் 1/160, அப்பர்ச்சர் எப் 8, ஐஎஸ்ஓ 200. ஒயிட் பேலன்ஸ் பிளாஷுக்கு. காலையில் நிறம் சரிபார்க்க ஒரு கிரே கார்டு (சாம்பல் நிற அட்டை) படம். அப்புறம் அன்று முழுக்க எந்தப் பட்டனையும் தொடுவதில்லை. வெளியே மேகம் மூடட்டும், வெயில் அடிக்கட்டும், வகுப்பறைக்குள் இந்த செட்டிங்கில் வெளி வெளிச்சம் படத்தில் தெரிவதே இல்லை.

குடையைப் பிள்ளையின் முகத்திலிருந்து நாலடி தள்ளி, பக்கவாட்டில் 45 டிகிரியில், கண்ணுக்குக் கொஞ்சம் மேலே வைக்கிறேன். மறுபக்கம் வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்ப ஒரு தெர்மாகோல் அட்டை. பின்துணி ஸ்டூலுக்கு ஐந்தடி பின்னால், அதைவிடப் பக்கத்தில் வைத்தால் தலை நிழல் துணியில் விழும். கண்ணாடி போட்ட பிள்ளை வந்தால் லைட்டை ஒரு சாண் ஏற்றிவிட்டு, தாடையைக் கொஞ்சம் இறக்கச் சொன்னால் போதும், கண்ணாடியில் குடை தெரியாது. நெற்றியில் தேங்காய் எண்ணெய் வழிந்து வரும் பிள்ளைகள் நம்ம பக்கம் நிறைய. ஒரு டிஷ்யூவைக் கொடுத்து அவர்களையே ஒற்றச் சொல்வேன். சந்தனக் குறியும் திருநீறும் அப்படியே இருக்கட்டும், அதைத் துடைக்க நமக்கு உரிமை இல்லை.

"ஏனுங்க, இந்த வெளிச்சம் சின்னப் பிள்ளைக கண்ணுக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?" என்று ஒரு தலைமையாசிரியை கேட்டார். நியாயமான கேள்வி. "முதல்ல நீங்க உட்காருங்க டீச்சர், பார்த்துட்டு சொல்லுங்க" என்று அவரை ஸ்டூலில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தேன். குடை வழியாக வரும்போது வெளிச்சம் பரவி மெத்தென்று விழுகிறது, கண் கூசுவதில்லை. அதிலிருந்து எந்தப் பள்ளிக்குப் போனாலும் முதல் படம் ஹெட்மிஸ்ட்ரஸ் படம்தான். அவர் சிரித்துக்கொண்டு எழுந்திருப்பதைப் பார்த்தால் எல்கேஜி பிள்ளைகளுக்கும் பயம் போய்விடும்.

இந்த லைட்டால் ஆகாததும் உண்டு. இதற்குள் பேட்டரி கிடையாது, கரண்ட் வேண்டும். ஒருமுறை கரண்ட் போனபோது பள்ளிக் கம்ப்யூட்டர் லேப் யுபிஎஸ்ஸில் மாட்டினேன். இரண்டாவது பிளாஷுக்கே யுபிஎஸ் கத்தி நின்றுவிட்டது. அந்தச் சின்னப் பெட்டிக்கு இந்த இழுப்பு அதிகம். இப்போது கரண்ட் போனால் காத்திருக்கிறேன், முந்தின நாளே லைன்மேனிடம் ஷட்டவுன் உண்டா என்று கேட்டுக்கொள்கிறேன். மூணு பின் உள்ள நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நீளமாக ஒன்று பையில் இருக்கவேண்டும். பத்தாவது, பன்னிரண்டாவது குரூப் போட்டோவுக்கும் இந்த ஒற்றை லைட்டு போதாது. ஐம்பது பேருக்கு ஒரு குடை எட்டாது. அதைக் கட்டட நிழலில், காலையிலேயே, வெளி வெளிச்சத்தில் எடுத்துவிடுவேன். பின்னால் நகர்ந்து 35 எம்எம்மில் எடுத்தால் ஓரத்தில் நிற்கிற பிள்ளையின் முகம் இழுபடாது.

அப்புறம் காற்று. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தெரியாதவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஐடி கார்டு வேலை வருவது ஜூன், ஜூலையில். அதே மாதங்களில்தான் மேற்கிலிருந்து காற்று தென்னை மட்டையைப் பிய்த்துப் போடும். நான் முதலில் வாங்கிய ஸ்டாண்டு மெலிசு, விலை குறைவு. குடை பாய்மரம் மாதிரி உப்பி, ஸ்டாண்டோடு சாய்ந்தது. அந்த நேரம் ஸ்டூலில் ஒரு யுகேஜி பையன் இருந்தான். பக்கத்தில் நின்ற மிஸ் குடைக்கம்பியைப் பிடித்துவிட்டதால் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே கனமான ஸ்டாண்டு வாங்கினேன். ஐந்து கிலோ அரிசிப் பையில் ஆற்று மணலைக் கட்டி ஸ்டாண்டின் காலில் தொங்கவிடுகிறேன். மேற்குப் பக்கத்து ஜன்னலைச் சாத்தாமல் லைட்டை ஆன் செய்வதே இல்லை. குழந்தைகள் இருக்கிற அறையில் மணல் மூட்டை இல்லாமல் ஸ்டாண்டு நிற்கவே கூடாது.

எல்லையில் தொழில் செய்கிறவர்கள் பெயரையும் கவனிக்கவேண்டும். கேரளப் பக்கத்துப் பள்ளிகளில் இனிஷியல் பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் வரும், தமிழ்நாட்டுப் பக்கம் முன்னால். கேரளப் பக்கம் சம்பூர்ணாவில் படம் ஏற்றுவார்கள், தமிழ்நாட்டுப் பக்கம் எமிஸில். இரண்டும் பள்ளிப் பிள்ளைகள் விவரம் வைக்கிற அரசு வெப்சைட்டுகள். ஒரே ஃபோல்டரில் கலந்தால் கதை முடிந்தது. வகுப்பு மாறும்போதெல்லாம் வகுப்பின் பெயர் எழுதிய தாளை ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன், பிள்ளைகளை அட்டெண்டன்ஸ் வரிசையிலேயே அனுப்பச் சொல்கிறேன். பிள்ளைகள் படத்தை விளம்பரத்துக்காக இன்ஸ்டாகிராமில் போடுவதில்லை. 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்கள் விஷயத்தில் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. சட்டம் வராவிட்டாலும் அது நம் சொத்து இல்லையே.

லைட்டு எவ்வளவு சரியாக இருந்தாலும் பிரிண்டில் கெட்டுப்போகலாம். போன வருடம் ஒரு லேபில் கொடுத்த படங்கள் எல்லாம் முகம் வெளுத்து வந்தன. கேட்டால், "எல்லாருக்கும் இப்படித்தான் பண்ணுவோம், யாரும் வேண்டாம்னு சொன்னதில்லை" என்றார்கள். நேரம் இல்லாததால் அப்படியே பள்ளியில் கொடுத்துவிட்டேன். அது என் தப்பு. ஐந்தாங்கிளாஸ் பெண் ஒருத்தி, நல்ல கருப்பு, பெரிய கண். மேக்ஸி சைஸ் தாளில் எட்டு பாஸ்போர்ட் படம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பி நீட்டினாள். "அண்ணா, இது நானில்லீங்க." வேறு பிள்ளையின் படம் மாறி வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். நம்பரைச் சரிபார்த்தேன், அவள்தான். அந்தப் பள்ளியின் மொத்தப் படங்களையும் என் செலவில் வேறு லேபில் மறுபடி போட்டேன். பில்லிலேயே 'கரெக்ஷன் வேண்டாம்' என்று எழுதச் சொன்னேன். இந்த லைட்டு கருப்பு நிறத்தை அவ்வளவு அழகாக எடுக்கிறது, கன்னத்தில் மினுமினுப்பு, கண்ணுக்குள் குடையின் வெள்ளைப் புள்ளி. புதுத் தாளைக் கொடுத்தபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. கணக்கு நோட்டின் நடுவில் மடங்காமல் வைத்துக்கொண்டாள்.

இந்த ஜூனில் அதே பள்ளியில் மூன்று பேர் லீவு. "போன்லயே எடுத்து அனுப்பிடறேனுங்களே" என்றார் டீச்சர். நான் மறு வாரம் பஸ்ஸில் லைட்டு, குடை, மணல் மூட்டை, துணி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனேன். கண்டக்டர் மூட்டைக்கும் டிக்கெட் போட்டார். அதே ஸ்டூல், அதே நாலடி, அதே கால் பவர். மூன்று படம் எடுக்க ஐந்து நிமிடம், செட் போட்டுப் பிரிக்க ஒரு மணி நேரம். கார்டு வந்தபிறகு மொத்தத்தையும் மேசையில் பரப்பி, "அந்த மூணு எதுன்னு சொல்லுங்க டீச்சர்" என்றேன். குனிந்து ரொம்ப நேரம் தேடினார். ஒன்றைத் தொட்டார். அது இல்லை.